ஐநூறு ரூவாயை அரை நாள்ல தொலைக்கிற வழி

தனியா பட்டணம் போகப்போறியாமே, தாயி? கையில ஐநூறு ரூவாதான்னும் கேள்விப்பட்டேன். போயிட்டு வா. உங்கப்பன் வேணாம்பான், உங்கம்மா மூக்கைச் சிந்துவா, எதிர்வூட்டுக்காரி "யாரைப் பாக்கவாம்?"னு இழுப்பா. பண்டசோழநல்லூர்ல இதெல்லாம் இல்லாம ஒருத்தி பஸ் ஏறிட முடியுமா? நான் ஒண்ணும் கேக்க மாட்டேன். அந்த ஐநூறு ரூவாயை அரை நாள்ல தொலைக்கிற வழியை மட்டும் சொல்லித் தரேன். அப்புறம் உன் சமர்த்து.

மொதல்ல, ரயில் பக்கமே போகாத. விடியறதுக்கு முன்னாடி பாண்டியிலேருந்து எழும்பூருக்கு ஒண்ணு கிளம்புது. வில்லியனூர், வளவனூர், விழுப்புரம்னு நின்னு நின்னு நாலு மணி நேரத்துல கொண்டுபோய் விட்டுடும். அந்தப் பாதை 1879லேயே போட்டது. வெள்ளைக்காரனும் பிரெஞ்சுக்காரனும் ஒத்துமையா செஞ்ச காரியம்னு ஒண்ணு உண்டுன்னா அதுதான். முன்பதிவில்லாத பொட்டியில டிக்கெட்டும் கம்மி. ஆனா அதுல போனேன்னு ஊருல பெருமையா சொல்லிக்க முடியுமா? நீ ஏசி பஸ்ஸுலயே போ. திண்டிவனம் வழியாப் போறதாப் பாத்து ஏறு. அது கிளாம்பாக்கத்துல இறக்கி விட்டுடும். 2023 டிசம்பர் 30ல தொறந்த பெரிய நிலையம், பாக்கறதுக்கே ஒரு நாள் வேணும். பட்டணம் போயாச்சுன்னு இறங்குவ. இறங்கின பொறவுதான் தெரியும், பட்டணத்துக்கு இன்னொரு பயணம் பாக்கி இருக்குன்னு. அங்க ஆட்டோக்காரரு ஒருத்தர் இருப்பாரு. மீட்டர் எங்கன்னு கேட்டுடாத, பட்டிக்காடுன்னு நெனைச்சுடுவாரு. கேட்ட காசைக் குடுத்துட்டு சிரிச்ச மூஞ்சியோட இறங்கு.

மின்சார ரயிலையும் கண்ணெடுத்துப் பாக்காத. பீச்சுக்கும் தாம்பரத்துக்கும் நடுவுல 1931லேயே கரண்டுல ஓட ஆரம்பிச்சது. இன்னிக்கும் டிக்கெட்டு அஞ்சு ரூவாயிலதான் ஆரம்பிக்குது. அஞ்சு ரூவாயை நீட்டிக் கேக்க உனக்கே கூச்சமா இருக்காது?

அடுத்தது டவுன் பஸ்ஸு. வெள்ளைப் பலகை மாட்டின சாதா பஸ்ஸுல 2021 மே மாசத்துலேருந்து பொம்பளைங்களுக்குக் காசே கிடையாது. எந்த ஊருக்காரின்னு எவனும் கேக்கறதில்ல, அட்டை கிட்டையும் வேணாம். மூஞ்சியில ரோஸ் கலரு பூசிகிட்டு தூரத்துலேருந்தே கூப்பிடுறதும் உண்டு. நீ ஏறிடாத. ஓசியில போனா மானம் போயிடும். சொகுசு பஸ்ஸுக்குக் காத்திருந்து காசு குடுத்துப் போ. அதுலயும் நின்னுகிட்டுதான் போவ. ஆனா டிக்கெட்டு எடுத்து நிக்கிறது தனி கௌரவம்.

சாப்பாட்டுக்கு வருவோம். அம்மா உணவகம்னு 2013ல ஆரம்பிச்சாங்க. காலையில இட்லி ஒரு ரூவா. மத்தியானம் சாம்பார் சோறு அஞ்சு ரூவா, தயிர் சோறு மூணு ரூவா. எட்டு ரூவாயில வயிறு நிறைஞ்சிடும். அங்க போயிடாத. மூட்டை தூக்குறவரு, ரோடு பெருக்குற அம்மா, ஆஸ்பத்திரிக்கு வந்தவங்க எல்லாம் பக்கத்துல நின்னு சாப்பிடுவாங்க. அந்தத் தட்டை போட்டோ எடுத்து எப்படி ஸ்டேட்டஸ்ல போடுவ? கண்ணாடி வெச்ச கடையா பாத்து நுழை. ஒரு காப்பி வாங்கு. பில்லு வந்ததும் மயக்கம் வரும், அப்ப குடிக்கத் தண்ணி கேட்டா அதுக்கும் தனியா பாட்டிலு குடுப்பாங்க.

நாள் பாக்கறதுன்னா வெள்ளிக்கிழமைதான் உசிதம். எழும்பூர் மியூசியமும் அன்னிக்கு லீவு, கோட்டை மியூசியமும் லீவு. வேற வழியில்லாம ஏசி மாலுக்குள்ள போய்ச் சேந்துடுவ. தப்பித்தவறி வேற கிழமையில போனியோ, சிக்கல்தான். எழும்பூர் ஸ்டேஷன்லேருந்து நடந்தே மியூசியத்துக்குப் போயிடலாம். 1851லேருந்து இருக்கு. திருவாலங்காட்டு நடராசரு அங்கதான் காலைத் தூக்கிகிட்டு நிக்கிறாரு. பக்கத்துலயே கன்னிமாரா நூலகம், 1896ல தொறந்தது. இதுக்குள்ள நுழைஞ்சா பொழுது போயிடும், காசு போகாது.

அந்த மியூசியத்துல இன்னொரு சங்கதி கேளு. 1944ல வீலர்னு ஒரு தொல்லியல் துரை, அங்க ஒரு அலமாரிக்குள்ள உடைஞ்ச சாடிக் கழுத்து ஒண்ணைப் பாத்தாரு. ரோமாபுரிக்காரன் ஒயின் ஊத்தி அனுப்புற சாடி. எந்த ஊருலேருந்து வந்ததுன்னு விசாரிச்சா, நம்ம அரியாங்குப்பத்துக்குப் பக்கத்துல அரிக்கமேடு! அடுத்த வருஷமே ஆளைக் கூட்டிகிட்டு வந்து தோண்டிட்டாரு. ஆக, பாண்டியில சரக்கு வந்து இறங்குறது ரெண்டாயிரம் வருஷத்து வழக்கம். இதை எதுக்குச் சொல்றேன்னா, நீ பட்டணம் போறது தெரிஞ்சா உங்க பெரியப்பன் நைசா வந்து, "மச்சானுக்கு ஒரே ஒரு பாட்டிலு"ம்பான். வாங்கி வெச்சுக்க. எல்லைச் சோதனைச்சாவடியில போலீஸ்காரரு பையைக் கொட்டச் சொல்லுவாரு. பட்டணம் பாக்கற செலவு மிச்சம்.

கோட்டைக்குப் போறவளா இருந்தா இதையும் கேட்டுக்க. 1746ல நம்ம பிரெஞ்சுக்காரன் பாண்டியிலேருந்து போய் சென்னப்பட்டணத்தையே பிடிச்சுட்டான். போனவன் சும்மா வரல. கோட்டையில இருந்த கருங்கல் தூணுங்களைப் பேத்து எடுத்துகிட்டு பாண்டிக்குக் கொண்டாந்தான். பட்டணம் போயிட்டு வெறுங்கையோட வரக்கூடாதுன்னு அவனுக்கும் எவளோ சொல்லி அனுப்பியிருக்கா. என்ன ஆச்சு? 1749ல ஊரைத் திருப்பிக் குடுத்தான். 1761ல இங்கிலீஷ்காரன் வந்து பாண்டியையே இடிச்சுத் தள்ளினான், தூணும் வந்த வழியே திரும்பிப் போயிடுச்சு. ஊரையே பிடிச்சவன் கையில ஒண்ணும் தங்கல. நீ தி.நகர்ல வாங்குற மூணு சுடிதாருல எது தங்கப்போவுது? ஆனாலும் வாங்கு. நம்ம நேரு வீதியில அதே துணி தொங்குதுன்னு எவளாவது சொன்னா, காதுல போட்டுக்காத.

ஆங், சொந்தக்காரங்க! தனியா போறேன்னுதானே சொன்ன? அதனாலதான் சொல்றேன், குரோம்பேட்டை அத்தை வூட்டுக்கு ஒரு எட்டு போயிட்டு வா. வெறுங்கையோட போக முடியாது, பழம் வாங்கணும், ஸ்வீட்டு வாங்கணும். அவ உக்கார வெச்சு "இன்னும் கல்யாணம் ஆகலையா?"ன்னு கேப்பா. அந்தக் கேள்வியைக் கேக்க நம்ம ஊருலயே பத்து பேரு காசு வாங்காம இருக்காங்க. இருந்தாலும் பட்டணத்துல கேட்டா அதுக்கு மதிப்பு வேற.

ஏன் சிரிக்கிற? சரி, விளையாட்டை விடு, ஒரு வார்த்தை நெசமா சொல்றேன். பட்டணத்துல ரெண்டு ஊரு இருக்கு, தாயி. ஒண்ணு காசுள்ளவங்க நடமாடுறது. இன்னொண்ணு தெனம் உழைக்கிறவங்களை நம்பி நடக்குறது. அஞ்சு ரூவா ரயிலும், ஓசி பஸ்ஸும், ஒரு ரூவா இட்லியும் இந்த ரெண்டாவது ஊருல இருக்கு. கடற்கரைக்கு எவனும் டிக்கெட்டு போடல. நம்மகிட்ட அந்த ரெண்டாவது ஊருக்குக் காசு இருக்கு, மொத ஊருக்குத்தான் இல்ல. ஆனா பட்டிக்காடுன்னு நெனைச்சுடுவாங்களோன்னு பயந்துகிட்டு, தப்பான ஊருக்குள்ள போய் மாட்டிக்கிறோம். அங்க உன்னை எவனுக்கும் தெரியாது, புள்ள. தெரியாதவன்கிட்ட காட்டுற பவுசுக்கு எதுக்குக் காசு குடுக்கணும்?

அதனால, நாலு இடத்துக்கு ஓடாத. ரெண்டு இடம் போதும், நிதானமா பாரு. வழி தெரியலன்னா பூக்காரம்மாகிட்ட கேளு. சாயங்காலம் ஆறு மணி சுமாருக்கு எழும்பூர்லேருந்து பாண்டிக்கு ரயிலு. அதை நெனைப்புல வெச்சுகிட்டு அஞ்சரைக்கே ஸ்டேஷனுக்கு வந்துடு. கடற்கரைக்குப் போறதுன்னா மூணு மணி வெயிலுதான் கிடைக்கும், தலையில துப்பட்டாவைப் போட்டுக்க. வில்லியனூர்ல இறங்க ராத்திரி பத்து மணி ஆயிடும். அந்நேரத்துக்கு பஸ்ஸை நம்பாத, உங்கப்பனை வண்டியோட வந்து நிக்கச் சொல்லு. வேணாம்னு கத்தினவன்தான் ஒம்பதரைக்கே போய் நிப்பான்.

போயிட்டு வந்து ஒரு நோட்டுல கணக்கு எழுது. இந்தப் பக்கம் வயித்துக்கும் வழிக்கும் செலவானது, அந்தப் பக்கம் வெக்கத்துக்குச் செலவானது. என்கிட்ட கொண்டாந்து காட்டு. அந்தப் பக்கம் காலியா இருந்துச்சுன்னா, அடுத்த வாட்டி நானும் கூட வரேன். டிக்கெட்டு நீதான் எடுக்கணும். ரோஸ் கலரு பஸ்ஸுல ஆம்பளைக்குக் காசு உண்டாம், எனக்கு அஞ்சு ரூவா சில்லறையா எடுத்து வெச்சுக்க.