டிப்ளமா இல்லை, வேலை உண்டா?

கேள்வி: எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. டிப்ளமா இல்லாமல் பட்டறை, தொழிற்சாலைகளில் வேலை கிடைக்குமா?
– ஒரு வாசகர், ராணிப்பேட்டை

பதில்: தாராளமாக! அரசு ஐ.டி.ஐ.யில் வெல்டர், வயர்மேன் பிரிவுகளுக்கு எட்டாம் வகுப்பே போதும். வெல்டருக்கு ஓராண்டு, வயர்மேனுக்கு இரண்டாண்டு பயிற்சி. பட்டறைக்காரர் முதலில் சான்றிதழைப் பார்ப்பதில்லை; இரண்டு இரும்புத் துண்டுகளைக் கொடுத்து, "ஒட்டிக் காட்டு" என்பார். கசடைத் தட்டிவிட்டதும் பற்றவைத்த இடம் மீன் செதில்போல் சீராக இருந்தால், நேர்முகத் தேர்வு முடிந்தது! வேலை வாங்கித் தருவதாக முன்பணம் கேட்பவரிடம் ஏமாறாதீர்கள். அவர் தேடுவது தன் பிழைப்பை. சேரும்போதே பி.எஃப்., இ.எஸ்.ஐ. உண்டா என்று கேளுங்கள். தொழில் தெரிந்தவர் உரிமையைக் கேட்கத் தயங்கவே கூடாது.