கலங்கல் இயல்: எயிற்பட்டினக் கரையில் ஒரு முன்னாய்வு

வெண்மையாகக் கலங்கிய பானத்தைக் கலக்கிக் குடிப்பதா, தெளியவிட்டுக் குடிப்பதா என்ற வினாவை நம் பல்கலைக்கழகங்கள் இதுவரை பொருட்படுத்தவில்லை. அக்குறை தீர்க்கப் புகும் இவ்வாய்வு ஆரோவில்லைக் களமாகக் கொள்கிறது. 1968 பிப்ரவரி 28 அன்று அந்நகரைத் தொடங்கிவைத்த அன்னை, 1916 முதல் 1920 வரை ஜப்பானில் வாழ்ந்தவர். வடக்கே மரக்காணத்து உப்பளங்கள், சுற்றிலும் பனை. ஆரோவில் மதுவை ஊக்குவிப்பதில்லை என்பது ஆய்வின் நிதானத்துக்குக் கூடுதல் உத்தரவாதம்.

ஜப்பானியச் சான்று முதலில். நிகோரி என்னும் கலங்கல் சாக்கேயை (அரிசி மது அது) வடிகட்டாதது என்றே ரசிகர்கள் பேசுகிறார்கள். ஆனால் அந்நாட்டு மதுவரிச் சட்டப்படி வடிகட்டாத எதுவும் சாக்கே ஆகாது. ஆகவே அகலக் கண் வலையில் பெயருக்கு ஒருமுறை வடித்து, அரிசித் துணுக்குகளைத் தப்பவிடுகிறார்கள். கியோத்தோ நகரின் புஷிமியில் மசுதா தொகுபேயி ஆலை 1964-இல் இந்த வித்தையைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. உண்மையிலேயே வடிகட்டாத டோபுரோகுவை வீட்டில் ஊறவைக்க 1899 முதல் தடை.

இங்கே ஓர் இலக்கணச் சிக்கல். நன்னூல் எழுதிய பவணந்தியார் கடைமாணாக்கனுக்கு நெய்யரியை உவமை சொன்னார். நெய்யை விட்டுக் கசட்டைப் பிடித்துக்கொள்வது அது. புஷிமியின் வலையோ நெய்யையும் விடுகிறது, கசட்டையும் விடுகிறது. பவணந்தியார் வகுப்பில் இதற்கு எந்த பெஞ்சு என்பது மேலாய்வுக்குரியது.

மரக்காணமே சிறுபாணாற்றுப்படை சொல்லும் எயிற்பட்டினம் என்று கருதுவோர் பலர். நத்தத்தனார் பாட்டில் அங்கே ஒரு நுளைமகள், அலை ஒதுக்கிய மணமரத்தை விறகாக்கித் தீ மூட்டுகிறாள். (உரைகாரர் அதை அகில் என்கிறார், அகில் விலை தெரிந்தவர்கள் சற்று நிறுத்தி மூச்சுவிடலாம்.) அவள் அரித்தெடுத்த பழங்கள்ளைப் பரதவர் பாணருக்குத் தருகிறார்கள், சுட்ட குழல்மீன் கருவாட்டோடு. எயிற்பட்டினம் தெளிவுக் கட்சி.

பெரும்பாணாற்றுப்படையின் வலைஞர் குடி எதிர்க்கட்சி. தீட்டாத அரிசியைக் களியாகத் துழாவி, வாயகன்ற தட்டில் ஆறவைத்து, முளையடையைக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் கழித்து, சாடியில் விளைந்ததை விரலால் அலைத்துப் பிழிகிறார்கள். மாவுச்சத்தைச் சர்க்கரையாக்க ஜப்பானில் கோஜிப் பூஞ்சை செய்யும் வேலையை இங்கே நெல்முளை செய்கிறது. ஜப்பானியர் உயர்ரகச் சாக்கேவுக்கு அரிசியைப் பாதியாகத் தீட்டித் தள்ளுகிறார்கள். நம் வலைஞருக்கு அந்த ஆடம்பரம் இல்லை. விரலிடுக்கில் பிழிந்தது தெளிவாக இருந்திருக்க வழியில்லை. நிகோரிக்கு இந்தக் கரையில் ஒரு பாட்டன் இருந்திருக்கிறார் என்று துணியலாம். தொட்டுக்கொள்ள அங்கும் சுட்ட மீன்தான்.

இன்று அரிசிக்கள் போய்ப் பனை நிற்கிறது. கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் பதநீர். தடவாவிட்டால் ஈஸ்டும் பாக்டீரியாக்களும் கூடிச் சில மணி நேரத்தில் வெளுத்த கலங்கலாக்கிவிடும். தமிழ்நாட்டில் கள்ளுக்கு 1987 முதல் தடை. புதுச்சேரியில் கள்ளுக்கடை உண்டு. ஆரோவில்லின் பெரும்பகுதி விழுப்புரம் மாவட்டம், சில துண்டுகள் புதுச்சேரி. எனவே இங்கே ஒரு பனையின் குணம் சுண்ணாம்பையும் சர்வே கல்லையும் பொறுத்தது.

சுவைக்கும் முறைக்கு வருவோம். நிகோரிக்கு அவசரம் கிடையாது. குளிர்ந்த புட்டியை நிறுத்திவைத்து, மேலே தெளிந்ததை முதலில் ஒரு வாய். பிறகு மெல்லக் கவிழ்த்துக் கலந்து இன்னொரு வாய். முதலாவது ஒல்லியாக இருக்கும்; இரண்டாவது நாக்கில் படிந்து, இனிப்பும் அரிசி வாசமும் காட்டும். சூடேற்றிப் பதப்படுத்தாத ரகமாக இருந்தால் குலுக்கவே கூடாது; உள்ளே அடைபட்ட வாயு மூடியோடு புறப்பட்டுவிடும். கள்ளோ காத்திருக்காது. தெளியட்டும் என்று வைத்தால் புளித்துக் காடியாகும். ஆகவே கலக்கற் கட்சிக்கே இவ்வாய்வின் வாக்கு.

வடிப்பதில் வேறுபட்ட இரு பாட்டும் சுட்ட மீனில் ஒன்றுபடுவதால், தொடுகறி பற்றித் தனி ஆய்வு தேவைப்படவில்லை. சர்வே கல்லுக்குத் தமிழ்நாட்டுப் பக்கம் நிற்கும் வாசகர்கள் கோடைக் காலையில் வெயில் ஏறுமுன் பதநீர் வாங்கி, நுங்கு போட்டுக் குடிக்கவும். அதற்கு மீன் ஆகாது.