காக்கா எச்சத்துக்கு லத்தீன் பேரா?

வாப்பா தம்பி, இப்படி திண்ணையில குந்து. முதுகுல மூட்டை, கழுத்துல பூதக்கண்ணாடி, எட்டு பாக்கெட் வெச்ச பேன்ட்டு. இன்னா, இமயமலைக்கா? கோவளத்துக்கா! முடிச்சூர்லேர்ந்து கோவளம் போக இவ்ளோ சாமானா? பாறை மேல லைக்கன் பாத்து பேர் கண்டுபுடிக்கப் போறியா. பேஷ், போய்ட்டு வா. கெழவன் சொல்றத மட்டும் ஒரு காதுலயாவது வாங்கிக்கினு போ.

மொதல்ல அந்த சீமைப் புத்தகத்தக் கீழ வை. அதுல இன்னா போட்டிருக்கான்? தண்ணி தொடற எடத்துல கறுப்புப் பட்டை, அதுக்கு மேல ஆரஞ்சு, அதுக்கும் மேல சாம்பல். நெசந்தான், பிரிட்டன் கரையில அப்படித்தான் வரிசை கட்டும். நம்ம கரை பெரும்பாலும் மணலு. பாறைன்னா கோவளம், மாமல்லபுரம்னு அங்கங்க கொஞ்சம். சித்திரை வெயில்ல அதுல கால் வெக்க முடியுமா? மூணு பட்டையத் தேடி பொழுதுக்கும் அலைஞ்சா, உன் தோலு உரியறதுதான் மிச்சம்.

அப்புறம் அந்த போனு. போட்டோ புடிச்சாலே பேர் சொல்லுதாமே! அன்னிக்கு ஒரு வெள்ளைத் திட்டக் காட்டினியே, வாயில நொழையாத லத்தீன் பேரு சொல்லிச்சே, அது காக்கா எச்சம்டா கண்ணு.

போனக் கேக்கறதுக்கு முன்னாடி தண்ணியக் கேளு. நல்ல தண்ணி ரெண்டு சொட்டு வுடு. உப்புப் பூத்ததுன்னா கரைஞ்சு காணாமப் போயிடும். எச்சம்னா கொழகொழன்னு எளகும். லைக்கன்னா, சாம்பலா கெடந்தது கொஞ்ச நேரத்துல பச்சை காட்டும். ஏன்? மேல்தோல் நனைஞ்சா உள்ளார இருக்கற பாசி வெளிய தெரியும்.

லைக்கன் ஒத்தை ஆளு இல்லப்பா. பூஞ்சை வூட்டுக்காரன். சுவரும் கூரையும் அவன் பொறுப்பு. பாசி குடித்தனக்காரி. வெயில வெச்சு சமைச்சு, வூட்டுக்காரனுக்கும் சேத்துப் போடுவா. 1860-கள்ல ஸ்வென்டனர்னு ஒரு சுவிஸ்காரர் இதச் சொன்னப்போ, பெரிய பெரிய லைக்கன் பண்டிதருங்க சண்டைக்கு வந்தாங்க. அப்புறம் 2016-ல, பல லைக்கன்ல ஈஸ்ட்டு ஒண்ணும் குடியிருக்குன்னு கண்டுபுடிச்சாங்க. நூத்தம்பது வருஷம் உத்து உத்துப் பாத்தவங்களுக்கே உள்ளார யார் யார் இருக்கான்னு முழுசாத் தெரியல. உன் போனுக்கு ஒரு செகண்டுல தெரிஞ்சிடுமா?

கண்ணால பாக்க வேண்டியத மொதல்ல பாரு. நகத்தால பேக்க முடியாம கல்லோட ஒட்டிக்கினு இருக்கா? இலை இலையா ஓரம் தூக்கி இருக்கா? கெளை விட்டுத் தொங்குதா? மேல குட்டிக் கிண்ணம் இருக்கா, கறுப்புப் புள்ளி இருக்கா? அதுக்கப்புறம்தான் மருந்து. பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு, ப்ளீச்சிங் தண்ணி ஒரு சொட்டு. மஞ்சளாவுதா, செவக்குதா? கடைசியா மெல்லிசா சீவி மைக்ராஸ்கோப்புல வித்தப் பாக்கணும். லக்னோவுல அவஸ்தின்னு ஒருத்தர் ஆயுசு பூரா இந்த வேலைதான் பாத்தாரு. இங்க தரமணியில, எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்துலயும் இதுக்குன்னே ஆளுங்க ஒழைச்சிருக்காங்க. போயி பவ்யமா கேளு.

அந்த மருந்து பாட்டில எடுத்துக்கினு மாமல்லபுரம் கோயில் பக்கம் மட்டும் போயிடாத. பல்லவன் கட்டி 1,300 வருஷம் உப்புக் காத்துல நிக்கிற கல்லு அது. நீ சொரண்டிப் பாக்கவா வெச்சான்? பாதுகாக்கப்பட்ட சின்னத்தச் சேதப்படுத்தினா 2 வருஷம் வரைக்கும் ஜெயிலு, 1 லட்சம் வரைக்கும் அபராதம்.

இன்னொண்ணு. பாறையவே மொறைச்சிக்கினு இருக்காம கொஞ்சம் நிமிரு. கரையோர மரத்துல ரொக்செல்லான்னு சாம்பல் நாரா ஒரு லைக்கன் தொங்கும். பள்ளிக்கூடத்துல ஆசிட்ல முக்கி செவப்பாக்கினியே லிட்மஸ் தாளு, அந்தச் சாயம் இந்தச் சாதி லைக்கன்லேர்ந்து எடுத்ததுதான். முக்கினியே, எங்கேர்ந்து வந்துச்சுன்னு கேட்டியா?

அவ்ளோ ஏன்? சண்முகம் ரோட்டு மளிகைக் கடையில உங்கம்மா வாங்கியாந்து பிரியாணிக்குப் போடற கல்பாசி இன்னான்னு நெனச்ச? அதுவும் லைக்கன்தான். வண்டிக்கு பெட்ரோல் போடறதுக்கு முன்னாடி மசாலா டப்பாவத் தொற. ஒண்ண எடுத்து பூதக்கண்ணாடியில வை. மேல சாம்பல், அடியில கறுப்பு, ஓரம் சுருண்டு இருக்கும். பொறந்ததுலேர்ந்து தின்னுக்கினு இருக்கறவன், ஒரு நாளாவது திருப்பிப் பாத்தியா?

எல்லாம் பாத்தும் பேர் தெரியலியா? கவலைய வுடு. பெரிய படிப்பு படிச்சவங்களே பேரினம் தெரிஞ்சு இனம் தெரியலன்னா, பேரினத்த மட்டும் எழுதி பக்கத்துல 'எஸ்பி'ன்னு ரெண்டு எழுத்துப் போட்டுட்டு டீ குடிக்கப் போயிடறாங்க. அவங்களுக்கு இல்லாத வெக்கம் உனக்கு எதுக்கு? நோட்டுல தேதி போடு, எடம் எழுது, கல்லா மரமான்னு எழுது. பேர் எழுதற எடத்த காலியா வுடு. காலி எடம் பொய் சொல்லாதுப்பா.