பல்லுக்கு ஒரு ராச்சியம்

மருமகன் கொழும்பில் படிக்கிறான். பொங்கலுக்கு வலையிறவுப் பாலத்தைத் தாண்டி வவுணதீவுக்கு வந்து இறங்கியபோது பையில் மாற்றுடுப்பு இரண்டு, ஹரி பொட்டர் ஏழு. கடைசி நாலும் தலையணைப் பருமன். திண்ணையில் பன்பாயை விரித்துப் படுத்தான் என்றால் சோற்றுக்குத்தான் எழும்புவான். மூன்றாம் நாள் தீர்ப்புச் சொன்னான்.

"மாமா, மாயக்கதையெண்டா இதுதான். லோர்ட் ஒஃப் த ரிங்ஸ் ஒரே நடை, நடை, நடை. கேம் ஒஃப் த்ரோன்ஸ் முடியவே முடியாது. இது முடியுது."

முடிகிறது என்பதற்காக ஒரு கதையைப் புகழ்கிற பிள்ளை. கூத்து விடியமுன் முடிந்தால் அண்ணாவியாரைக் குறை சொன்ன ஊரில் பிறந்த தாய்க்குப் பிறந்தவன்!

"மனே, நீ படுத்துக் கிடக்கிற பாயே ஒரு மாயக்கதைதான்" என்றேன்.

யாழ்ப்பாணத்தில் பழைய எச்சரிக்கை ஒன்று உண்டு. மட்டக்களப்புக்கு உத்தியோகம் பார்க்கப் போகிறவன் கவனமாக இருக்க வேண்டும், அங்கே பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள். ஹரியின் பள்ளிக்கூடமான ஹொக்வேர்ட்ஸில் ஏழு வருஷம் மந்திரம் படிக்கிறார்களே, பாயில் படுத்த மாப்பிள்ளையைப் பாயோடு ஒட்டுகிற பாடம் அங்கே இருக்கிறதா? இல்லை. எங்களிடம் அதற்குப் பள்ளிக்கூடமே தேவைப்படவில்லை. இங்கே வீடும் வளவும் வயலும் பெண்வழியில் போகிறவை; கட்டினவன் பெண் வீட்டுக்கு வந்து இருக்க வேண்டும். வந்த கிளாக்கருக்குக் கல்வீடு, விளைகிற காணி, காலையில் சட்டியைக் கவிழ்த்தாலும் விழாத எருமைத் தயிர். அவர் ஏன் எழும்பப் போகிறார்? ஆனால் ஊரிலிருக்கும் தாய்க்குக் கடிதம் எழுத வேண்டுமே. "அம்மா, இங்கே தயிர் நல்லது, இனி வரமாட்டேன்" என்று எந்த மகனால் எழுத முடியும்? "மந்திரம் செய்துபோட்டார்கள்" என்று எழுதலாம். தாயும் நம்புவார், பக்கத்து வீட்டுக்கும் சொல்லலாம்.

வாவிக்கு மேற்கே இருக்கிற எங்கள் படுவான்கரையின் மாயக்கதை எதையும் நகத்தால் கொஞ்சம் சுரண்டிப் பாருங்கள், அடியில் வயல்தான் தெரியும். எங்கள் பெருந்தொடரான மட்டக்களப்பு மான்மியமும் அப்படித்தான். பழைய ஏடுகளிலிருந்து எடுத்து 1962இல் எப். எக்ஸ். சி. நடராசா பதிப்பித்தார். சரித்திரக்காரர்கள் அதை ஒரு சிட்டிகை உப்போடுதான் தொடுவார்கள். நான் முழுச் சோற்றோடு சாப்பிடுகிறவன்.

அதில் கலிங்கத்து அரசன் குகசேனன். அவன் மகள் உலகநாச்சி. அவள் புத்தபகவானின் பல்லையும் கைலாயத்து லிங்கம் ஒன்றையும் தம்பி உலகநாதனையும் கூட்டிக்கொண்டு இலங்கைக்குக் கப்பலேறுகிறாள். இதே கதையைப் பாளி நூல்காரர்களும் வைத்திருக்கிறார்கள். அங்கே பெண்ணின் பெயர் ஹேமமாலா, கூட வருபவன் கணவன், பல் கூந்தலுக்குள். 4ஆம் நூற்றாண்டில் அநுராதபுரத்தில் பல் வந்து சேர்ந்ததும் ஊர்வலம், பூசை, கதை அதோடு நிறைவு. பல்லைக் கொண்டுவந்த பிள்ளைக்கு ஒரு வாய் தேத்தண்ணி கிடைத்ததா என்பதைப்பற்றி யாருக்கும் அக்கறை இல்லை.

எங்கள் பதிப்பில் கதை அங்கேதான் தொடங்குகிறது. பல்லை வாங்கிய மேகவண்ண ராசா குளிர்ந்துபோய், "என்ன வேண்டும், கேள்" என்கிறான். இந்த இடத்தில் மற்றத் தொடர்களின் நாயகர்களை நிறுத்திப் பாருங்கள். லோர்ட் ஒஃப் த ரிங்ஸில் மோதிரத்தை ஒழிக்க மலைவரை நடந்த ஃபுரோடோ, ஒன்றும் வேண்டாம் என்று கப்பலேறிப் போய்விடுவான். வோல்டமோட்டை முடித்த ஹரி ஒரு பேர்ச் காணி கேட்கவில்லை. அவனுக்கு வந்த வீடும் ஞானத்தகப்பன் விட்டுப்போனது, அதுவும் தூசி பிடித்த பேய்வீடு. உலகநாச்சி தலைகுனிந்து, "சனம் குடியிராத நிலம் ஏதும் இருந்தால் சொல்லுங்கோ" என்றாள். பெண்பிள்ளை!

ராசா கொடுத்தான். தன் காணியில் இருந்தா? மட்டக்களப்பை ஆண்டிருந்த குணசிங்கனுக்கு ஓலை எழுதினான், உன் பக்கத்தில் ஒரு துண்டு கொடு என்று. அடுத்தவன் காணியைத் தலைநகரில் இருந்துகொண்டு தானம் பண்ணுகிற வித்தை நேற்று வந்ததல்ல. குணசிங்கன் கொடுத்த நிலம் மண்முனை. அவள் காடு வெட்டினாள், குடிகளை வரவழைத்தாள், மாளிகை கட்டினாள். இன்றைக்கு வவுணதீவில் பிரதேச செயலகப் பலகையில் 'மண்முனை மேற்கு' என்று எழுதியிருக்கிறதே, அது அந்தப் பல்லின் விலையில் ஒரு துண்டு.

மருமகன் புத்தகத்தை மூடவில்லை, ஆனால் விரலை நடுவில் வைத்துக்கொண்டான். "ரிங்ஸில சாமுக்கு ஒரு பெட்டி மண் கிடைச்சது மாமா" என்றான். உண்மைதான். கலாட்ரியேல் அம்மாள் அவனுக்குத் தன் தோட்டத்து மண்ணும் ஒரு விதையும் கொடுத்தாள். அந்த மூன்று பாகத்திலும் படுவான்கரைக்குப் பெண் கட்டிக்கொடுக்கத் தகுந்த ஒரே பையன் சாம்தான். கேம் ஒஃப் த்ரோன்ஸை மட்டும் என்னால் நம்பவே முடியவில்லை. வருஷக்கணக்காக மாரி நீளுகிற தேசமாம். பெரும்போகமும் இல்லை, சிறுபோகமும் இல்லை. ஆனால் லட்சம் பேர் படை வைத்திருக்கிறார்கள். என்னத்தைத் தின்றார்கள்? 1996இல் முதல் புத்தகத்தை வெளியிட்ட எழுத்தாளர் 2011இல் ஐந்தாவதை வெளியிட்டார். ஆறாவதைக் காணோம். விதைப்புக்குப் பணம் வாங்கிவிட்டு அறுவடைக்கு ஆள் வராத குத்தகைக்காரனை எங்கள் பக்கம் என்னவென்று சொல்வோம் என்பதை இங்கே எழுத ஒண்ணாது.

அதே மான்மியத்து ஆடகசவுந்தரி கதையைச் சுருக்கமாகத்தான் சொன்னேன், ஏனென்றால் சோறு ஆறிக்கொண்டிருந்தது. பிறந்த குழந்தையைப் பெட்டியில் வைத்துக் கடலில் விட்டார்கள். பெட்டி இங்கே ஒதுங்கியது. பிள்ளையில்லாத ராசா எடுத்து வளர்த்தான். வளர்ந்து உன்னாசகிரியில் ராணியானாள். திருகோணமலையில் குளக்கோட்டன் என்று ஒருவன் கேளாமல் கொள்ளாமல் கோயில் திருப்பணி செய்கிறான் என்று கேள்விப்பட்டு, துரத்திவிட்டு வரும்படி படை அனுப்பினாள். படை போய், பேச்சு நடந்து, கடைசியில் கல்யாணத்தில் முடிந்தது. காணிச் சண்டை கல்யாணத்தில் முடிவது இங்கே இன்றைக்கும் வழக்கம்தான், நீதிமன்றத்தைவிடச் செலவு குறைவு. பிறகு இருவருமாகப் பூதங்களைப் பிடித்துக் கந்தளாய்க் குளம் கட்டினார்கள், கோயில் வயலுக்குத் தண்ணீர் பாய.

பூதங்களுக்குக் கூலி என்ன? ஏட்டில் நான் கண்டதில்லை. ஹொக்வேர்ட்ஸ் குசினியிலும் குட்டிப்பூதங்கள் சம்பளமில்லாமல்தான் சமைக்கின்றன, ஆனால் அங்கே ஹெர்மைனி என்ற பிள்ளை நாலாம் புத்தகத்தில் அவற்றுக்காகச் சங்கம் வைத்துச் சின்னமும் விற்றாள். கந்தளாய்ப் பூதங்களுக்கு அப்படி ஒரு ஹெர்மைனி வாய்க்கவில்லை. இந்த ஒரு புள்ளியை மருமகனுக்கு விட்டுக்கொடுத்தேன். காணிக்காரப் போடியார்மார் எழுதிவைத்த கதையில் வயலில் வேலை செய்கிற முல்லைக்காரனின் கணக்கு வராது.

"சரி மாமா, ஆனா உங்கட கதையில படம் இல்லையே" என்றான். படமா? மாதக்கணக்காகப் பழகி, சலங்கை கட்டி, களரியில் விடியவிடிய ஆடுகிற பாரதத்துக்கு மேல் என்ன படம்? வடமோடிக் கூத்தில் ராசாவின் உடுப்புக்குக் கரப்புடுப்பு என்று பேர். கோழியை மூடுகிற கரப்பு மாதிரிப் பிரம்பு வளையம் கட்டி, மேலே சீலை சுற்றி, கண்ணாடித்துண்டு ஒட்டியிருக்கும். அதற்குள் நின்று துரியோதனன் சுற்றி ஆடும்போது வளையம் ஒரு பக்கம் எழும்பும், உள்ளே அவன் காற்சட்டை தெரியும், சல்லாரிக்காரன் சிரிப்பை அடக்குவான். விடிந்ததும் அந்தத் துரியோதனனே மண்வெட்டியோடு வரம்பில் நிற்பான். யாரோ ஒருவர் "ராசா, வாய்க்கால்ல தண்ணி வருகுதா?" என்று கேட்பார். வடமோடிக்காரர் பாரதம், இராமாயணம் என்று யுத்தத்தில் நிற்பார்கள். தென்மோடிக்காரர் காதலைப் பிடித்துக்கொண்டு உருகுவார்கள். எது மேல் என்ற வாதத்தில் மருமகனுடைய ஏழு புத்தகத்திலும் வருகிற மந்திரங்களைவிடக் கடுமையான சொற்களை நான் கேட்டிருக்கிறேன்.

விடியவிடிய ஆடுவதை ஒன்றிரண்டு மணித்தியாலத்துக்குள் மடித்து மேடைக்குக் கொண்டுபோனவர் பேராசிரியர் வித்தியானந்தன். 1960களில் பேராதனைப் பல்கலைக்கழக மாணவர்களை வைத்துக் கர்ணன் போர், இராவணேசன் என்று போட்டார். இராவணேசனில் இராவணனாக ஆடியது எங்கள் மட்டக்களப்பு மௌனகுரு. அருமையான காரியம். ஆனால் களரியில் வளர்ந்தவனுக்கு, புத்தகத்தைப் படித்துவிட்டுப் படம் பார்க்கப்போன மருமகன் முகம் இருக்குமே, அந்த முகம்தான்.

கடைசியாகக் கொக்கட்டிச்சோலைக்கு வந்தேன். தேனுக்காக வேடன் வெட்டிய கொக்கட்டி மரத்தில் இரத்தம் வந்து, அங்கே தான்தோன்றீஸ்வரர் கோயில் எழும்பிய கதையை அவனுக்கு அம்மம்மா ஏற்கெனவே சொல்லியிருக்கிறார். போர்த்துக்கேயர் வந்த கதைதான் எனக்கு வேண்டியது. கோயிலை இடிக்க வந்த தளபதி கல் நந்தியைக் காட்டி, "இது புல் தின்னுமா?" என்று நக்கலாகக் கேட்டானாம். குருக்கள் புல்லை நீட்டினார். கல் மாடு எழும்பி, புல்லைத் தின்று, சாணமும் போட்டது. தளபதி ஓடினான்.

மதுரையில் கல் யானைக்குக் கரும்பு கிடைத்தது, எங்கள் மாட்டுக்கு வெறும் புல், அதிலும் பாகுபாடுதான் என்றேன். மற்றப்படி நாலு தொடரையும் தராசில் போட்டுப் பார், நெருப்புக் கக்கும் டிராகன் கூட ஒரு படையை இத்தனை மலிவாகத் துரத்தியதில்லை. ஒரு கட்டுப் புல், ஒரு கும்பம் சாணம்.

மருமகன் முதல்தடவையாக எழும்பி உட்கார்ந்தான். தோற்றுவிட்டான் என்றே நினைத்தேன். அதுவரை வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த அம்மம்மா உரலை நிறுத்திவிட்டுக் கேட்டார்:

"அந்தப் புல்லு ஆருடைய வரம்பில அறுத்தது?"