மூடிக்குச் சவரம்

கோல்ஃப் ஆடுகிறவர்கள் பந்துக்கு அடுத்தபடியாகத் தரையில் தேடுவது ஸ்பிரிங்க்ளர் மூடியைத்தான். விரித்த உள்ளங்கை அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் வட்டம். அதன்மேல் 150 என்றோ 87 என்றோ போட்டிருக்கும். அங்கிருந்து குழி இருக்கும் கிரீனுக்கு அத்தனை கஜம் என்று அர்த்தம். அந்த எண்ணைப் பார்க்காமல் சிலர் மட்டையையே தொடமாட்டார்கள். பார்த்துவிட்டு அடித்தாலும் பந்து குளத்துக்குத்தான் போகும், அது வேறு விஷயம். எண் கண்ணில் படும்படி மூடியைச் சுற்றிப் புல்லை ஒதுக்கி வைப்பது, துபாயில் ஒரு மைதானத்தில் என் உத்தியோகம்.

அம்மாவிடம் போனில் சொன்னேன். "மாடு கட்டியிருந்தப்ப ஒரு கட்டு புல்லு அறுத்துக்கிட்டு வாடான்னா வயித்த வலிக்குதும்ப. இப்ப ஏரோப்ளேன் ஏறிப் போயி அறுக்குறியாக்கும்?" என்றாள். அறுக்கிற புல்லை என்ன செய்வீர்கள் என்று கேட்டாள். குப்பையில் போடுவோம் என்றேன். ரொம்ப நேரம் பேச்சே இல்லை. லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்தேன்.

வெள்ளைக்காரர்கள் பெர்முடா என்று கொண்டாடும் அந்தப் புல் வேறொன்றும் இல்லை, நம் அறுகம்புல்தான். மைதானத்தில் போடுவது கலப்பினம்: ஒரு பக்கம் நம் அறுகு, இன்னொரு பக்கம் ஆப்பிரிக்கச் சொந்தம். அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்து டிஃப்டனில் சேர்த்துவைத்து, 1960-இல் டிஃப்வே 419 என்று பெயர் சூட்டி வெளியே விட்டார்கள். அறுகின் குணம் தெரியுமே. தரைக்கு மேலே ஒரு கொடி ஓடும், கீழே ஒரு வேர்த்தண்டு ஓடும். பாலைவனத்தில் தண்ணீர் எங்கே கிடைக்கும் என்று அதற்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நேரே ஸ்பிரிங்க்ளரின் கழுத்தைத்தான் பிடிக்கும். ராத்திரி ஆளில்லாத நேரத்தில், தண்ணீர் அழுத்தத்தில் ஸ்பிரிங்க்ளர் எழும்பி, 20 மீட்டருக்கு விசிறி, மறுபடி உள்ளே இறங்க வேண்டும். புல் மூடிவிட்டால் எழும்பாது. எழும்பினாலும் சாய்ந்து நிற்கும். ஒரு பக்கம் சேறு, இன்னொரு பக்கம் காய்ந்து பழுப்பு. தண்ணீர் ஊற்றி வளர்த்தவனையே குரல்வளையில் பிடிக்கிற இந்தப் புல்லை நாங்கள் வெட்டுகிறோம். வெட்டியது வளர்வதற்காக மறுபடி தண்ணீர் விடுகிறோம். இந்தச் சுற்றில்தான் என் சம்பளம் இருக்கிறது. குறை சொல்லக் கூடாது.

வெட்டுவதற்கு முதலில் நரம்பு மெஷின் கொடுத்தார்கள். 1971-இல் ஹூஸ்டனில் ஜார்ஜ் பல்லாஸ் என்பவர், கார் கழுவுமிடத்தில் சுழலும் பிரஷ்ஷைப் பார்த்துவிட்டு, பாப்கார்ன் டப்பாவில் ஓட்டை போட்டு மீன்பிடி நரம்பைக் கோத்துச் செய்த சாதனம். மரத்தடிக்கு அருமை. மூடிக்கு ஆகாது. பிளாஸ்டிக்கில் பொறித்த எண்ணை நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும். 150 என்பது 15 ஆகிவிட்டால், நம்பி அடிக்கிறவர் கதி? அதனால் இப்போது வட்ட பிளேடு. மூடிக்கு மேலே சரியாக உட்காரவைத்து அழுத்தினால், சுற்றிலும் ஒரு வளையம் அறுபடும். அதைக் கையால் உரித்து எடுக்க வேண்டும். ஆழமாக வெட்டினால் அகழி. பந்து உள்ளே இறங்கும். மேலாக வெட்டினால் அடுத்த வாரமே தாடி.

ஒருநாள் குனிந்து உரித்துக்கொண்டிருக்கும்போது கண்ட்ரோல் ரூமில் டெஸ்ட் போட்டுவிட்டார்கள். முகத்திலேயே அடித்தது. மைதானத்துக்கு விடுவது ஊர்க் கழிவுநீரைச் சுத்திகரித்த தண்ணீர் என்பது அப்போதுதான் நினைவுக்கு வர வேண்டுமா? வாக்கி டாக்கியில் கத்தினேன், "சேட்டா, நிறுத்துங்க!" அவர் நிதானமாக, "ஏதா நம்பர்?" என்றார். நம்பர் மூடியில் இருக்கிறது. மூடி என் மூக்குக்கு நேரே சுற்றிக்கொண்டிருக்கிறது.

ஆட்டக்காரர்கள் எங்களைப் பார்த்துச் சிரிப்பதில்லை, மூடியைப் பார்த்துச் சிரிப்பார்கள். கோல்ஃப் விதி 16.1-இன்படி அது நகர்த்த முடியாத தடை. பந்து மோசமான இடத்தில் கிடக்கிறதா? நிற்கிற குதிகால் மூடியில் பட்டால் போதும். விலகி, ஒரு மட்டை நீளத்துக்குள், குழியை நெருங்காமல், முழங்கால் உயரத்திலிருந்து பந்தைப் போட்டுக்கொள்ளலாம். அபராதம் கிடையாது. புதருக்குப் பக்கத்தில் ஒரு பெரிய மனிதர் காலை அகட்டி அகட்டி மூடியைத் துழாவியதைப் பார்த்திருக்கிறேன். பரதநாட்டிய வாத்தியாரே அசந்துபோவார்.

பிள்ளையார் சதுர்த்தி வந்தது. மைதானத்திலிருந்து ஒரு பிடி அறுகு கொண்டுவருகிறேன் என்றேன். அறையில் மூத்தவரான திருவாரூர் அண்ணன் தடுத்துவிட்டார். "அது பாதி ஆப்பிரிக்காக்காரன்டா. ஊரே குளிச்ச தண்ணியில வேற வளந்திருக்கு. புள்ளையாரு ஒத்துக்க மாட்டாரு."

கராமாவில் ஒரு கடைக்குப் போனோம். ஊரிலிருந்து விமானத்தில் வந்த அறுகு, சின்னக் கட்டு. விலையை ரூபாயில் மாற்றிப் பார்த்தபோது, அன்று காலை நான் குப்பையில் கொட்டிய மூட்டைகள் கண்முன் வந்தன. அண்ணன் பேரம் பேசாமல் காசைக் கொடுத்தார். நான் கட்டைத் திருப்பி அடியைப் பார்த்தேன். ஒன்று நீளம், ஒன்று குட்டை. இந்த வெட்டுக்கு எங்கள் சூப்பர்வைசர் அரைநாள் சம்பளத்தைப் பிடித்திருப்பார்.