ஆகாயக் கணக்குப்பிள்ளை

டெல்டாவில் ஊருக்கு ஒருவராவது இருப்பார். பிள்ளை வெளிநாட்டில், இவர் மன்னார்குடிப் பக்கத்துத் திண்ணையில். "பையன் எங்கே இருக்கான்?" என்று கேட்டால் ஊர்ப்பெயருக்கு முன்னால் மணிக்கணக்கு வரும். திருச்சியிலிருந்து சிங்கப்பூர் ஏறக்குறைய மூவாயிரம் கிலோமீட்டர், பறப்பது நாலேகால் மணி நேரம், இறங்கியதும் கடிகாரத்தை இரண்டரை மணி முன்னால் தள்ள வேண்டும். கல்யாணப் பந்தியில் இவருக்குப் பக்கத்து இலை கிடைத்தவர், மோர் வருவதற்குள் பூமியை ஒரு சுற்று சுற்றிவிடுவார். ஊர் இவரைப் பீற்றல் பேர்வழி என்கிறது. அது அநியாயம். பீற்றிக்கொள்ள ஊர்ப்பெயரே போதும். மிஞ்சிப் போனால் சம்பளத்தைச் சொல்லலாம். எதிர்க்காற்றைப் பற்றிப் பேசி யாரும் பெருமை தேடிக்கொண்டதில்லை.

இவர் போடுவது தண்ணீர்க் கணக்கு. மேட்டூரில் ஜூன் 12 அன்று திறந்தால் கல்லணைக்கு மூன்று நான்கு நாள். கடைமடைக்கு எப்போது என்றுதான் இங்கே கேட்பார்கள், எத்தனை கிலோமீட்டர் என்று கேட்பதில்லை. சுற்றிப் போனாலும் தூர் வாரிய வாய்க்கால் முந்தும் என்பது இவருக்குத் தெரியும். அதனால்தான் 2016-ல் ஏர் இந்தியா தன் டெல்லி–சான்பிரான்சிஸ்கோ விமானத்தை அட்லாண்டிக்கை விட்டுப் பசிபிக் வழியாகத் திருப்பியபோது இவர் அசரவில்லை. தூரம் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கூடி 15,300 ஆனது. பின்னாலிருந்து காற்று தள்ளியதில் நேரம் குறைந்தது. படித்த மருமகனுக்கு அது புதிர், மாமனாருக்கு வாய்க்கால் விவகாரம். பழக்கமும் புதிதல்ல. நாகப்பட்டினத்திலிருந்து ரஜூலா கப்பல் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போன காலத்தில் இதே கணக்கை நாட்களில் போட்டார்கள்.

கைப்பேசியே விமானம் எங்கே பறக்கிறது என்று காட்டும்போது இவர் எதற்கு என்று கேட்கலாம். கைப்பேசி ஓடுபாதைக்கும் ஓடுபாதைக்கும் இடையிலுள்ளதை மட்டும் சொல்லும். அணையில் திறந்த கன அடியைச் சொல்லும் அறிவிப்பும் அப்படித்தான். கடைமடைக்காரனின் கவலை அதற்கு அப்பால் தொடங்குகிறது. மன்னார்குடியிலிருந்து திருச்சிக்குக் காரில் இரண்டு மணி நேரத்துக்கு மேல், அங்கே மூன்று மணி நேரம் முன்கூட்டியே போய் நிற்பது, அந்தப் பக்கம் குடியேற்ற வரிசை, பெட்டி வரும்வரை காத்திருப்பு. எல்லாம் சேர்ந்தால் நாலேகால் மணி பதினொன்றைத் தொடும். விமானக் கம்பெனி சொல்லும் நேரத்தை நம்பிச் சாப்பாட்டு வேளையைத் தவறவிடுகிறவர்களைவிட இவர் கணக்கு நேர்மையானது. ஒரே குறை, கேட்காதவர்களுக்கும் சொல்வார்.

தஞ்சாவூரிலேயே ஓடுபாதை இருக்கிறதே என்று இவரிடம் வாய்விட வேண்டாம். அங்கே 2020 ஜனவரியிலிருந்து நிற்பவை விமானப்படையின் சுகோய்-30 போர் விமானங்கள். அவற்றில் சீட்டு கொடுப்பதில்லை. ஆகவே அவர் கணக்கின் முதல் வரி இன்றும் திருச்சிக்குப் போகும் வாடகைக் காருக்குத்தான்.