மடிக்கணினியை எப்போது மூடுவது?

கேள்வி: என் மகன் படிக்கும் உயர்நிலைப் பள்ளியில் பிள்ளைகள் கையிலெல்லாம் மடிக்கணினி. ஆசிரியர்களுக்கோ பயிற்சி மேல் பயிற்சி. இதெல்லாம் தேவையா?
– ஒரு தாய், ஆங் மோ கியோ

பதில்: தேவைதான் அம்மா. ஆனால், எதில் பயிற்சி? சிங்கப்பூர் 1997லேயே கல்வித் தொழில்நுட்பப் பெருந்திட்டம் போட்டு ஆசிரியர்களைக் கணினி முன் உட்கார வைத்துவிட்டது. எந்தப் பொத்தானை அழுத்துவது என்பதை இன்று பிள்ளைகளே சொல்லிக்கொடுப்பார்கள். ஆனால், ‘மாணவர் கற்றல் தளம்’ என்னும் இணையத்தளத்தில் வகுப்பு முழுவதும் எழுதிய விடைகள் ஒரேயடியாகத் திரையில் வந்து நிற்கும்போது, யாருடைய தவறை எடுத்து விவாதிப்பது, எப்போது மடிக்கணினியை மூடச் சொல்வது? பழக வேண்டியது அதைத்தான். கரும்பலகையில் எழுதியதையே ஸ்லைடாக்கி வாசித்தால், மின்கட்டணம்தான் மிச்சம்!